சென்னைக்கு முன்னால் கிராமத்துக்கு வந்த டி.வி.!

உங்கள் வீட்டுக்கு டி.வி. எப்போது வந்தது?

"நான் பிறக்கும்போதே இருந்ததே!" என்பீர்கள். சரி, அப்பாவைக் கேளுங்கள். தாத்தாவையும் பாட்டியையும் கேளுங்கள். "எங்கள் தெருவிலேயே ஒரே ஒரு வீட்டில்தான் டி.வி. இருந்தது. சாயங்காலம் ஆனால் அந்த வீட்டு ஜன்னலில் தொங்குவோம்" என்று ஒரு கதை நிச்சயம் கிடைக்கும்.

எந்தப் புதுப் பொருள் வந்தாலும் அப்படித்தான். முதலில் பெரிய நகரத்துக்கு வரும். அங்கேயும் வசதியானவர்கள் வீட்டுக்குத்தான் வரும். பிறகு சின்ன ஊர்களுக்கு. கடைசியாக, அதுவும் மிச்சம் மீதி இருந்தால், கிராமத்துக்கு. மின்சாரம் அப்படித்தான் வந்தது. டெலிபோன் அப்படித்தான் வந்தது.

ஆனால் நம் நாட்டில் ஒரே ஒரு தடவை இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்கள்!

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய நாள் 1975 ஆகஸ்ட் 15. அதற்கு இரண்டு வாரம் முன்பே, ஆகஸ்ட் 1-ம் தேதியே, ராஜஸ்தான், பீகார், ஒரிசா, மத்தியப் பிரதேசம், ஆந்திரா, கர்நாடகம் ஆகிய ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கான டி.வி. ஒளிபரப்பு ஆரம்பித்துவிட்டது. (இன்றைய ஒடிசாவைத்தான் அப்போது ஒரிசா என்றார்கள்.) குல்பர்கா, கர்நூல், ராய்ப்பூர், சம்பல்பூர் என்று பின்தங்கிய மாவட்டங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே பல பேர் அதுவரை சினிமாகூடப் பார்த்ததில்லை. மெரினா பீச் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கிடைக்காத டி.வி. அவர்களுக்கு முதலில் கிடைத்துவிட்டது!

எப்படி? ஏன்? யார் செய்தார்கள்? வாருங்கள், பார்க்கலாம்.

விக்ரம் சாராபாய் போட்ட கணக்கு

விக்ரம் சாராபாய் என்ற பெயரை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். இந்திய விண்வெளி ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தவர். குஜராத்தில் அகமதாபாத்தைச் சேர்ந்தவர்.

"சாப்பாட்டுக்கே கஷ்டப்படும் நாட்டுக்கு ராக்கெட் எதற்கு?" என்று அந்தக் காலத்தில் பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே! சாராபாய் அதற்குச் சொன்ன பதில்களில் ஒன்று டி.வி.

அவர் கணக்கு இப்படி இருந்தது. டி.வி. கோபுரத்திலிருந்து கிளம்பும் அலைகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும். பூமியோ உருண்டை. கொஞ்ச தூரம் போனதும் பூமி வளைந்து கீழே இறங்கிவிடும். அலை மேலே போய்விடும். எனவே ஒரு கோபுரத்தால் சுற்றியுள்ள சில பத்துக் கிலோமீட்டர் தூரத்துக்குத்தான் படம் காட்ட முடியும். இந்தியா முழுவதும் கோபுரம் கட்டி முடிக்க எத்தனை வருடம் ஆகும்? இந்தியாவில் டி.வி. முதன்முதலில் டில்லியில் தொடங்கியது 1959-ல். பதினைந்து வருடம் கழித்தும் டில்லி, பம்பாய், ஸ்ரீநகர், அமிர்தசரஸ் போன்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஊர்களில்தான் டி.வி. இருந்தது. இந்த வேகத்தில் போனால் கிராமத்துப் பிள்ளைகள் தாத்தா ஆன பிறகுதான் டி.வி. பார்ப்பார்கள்!

அதற்குப் பதில் கோபுரத்தை வானத்தில் கட்டினால்? அதாவது ஒரு செயற்கைக்கோள். அங்கிருந்து பார்த்தால் நகரமும் ஒன்றுதான், காட்டுக்குள் இருக்கும் கிராமமும் ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே தூரம், ஒரே செலவு.

நம்மிடம் அப்போது செயற்கைக்கோள் கிடையாது. அமெரிக்காவின் நாசாவிடம் இருந்தது. 1969-ல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. "உங்கள் செயற்கைக்கோளை ஒரு வருடத்துக்கு இரவல் தாருங்கள். தரையில் வேண்டிய எல்லாவற்றையும் நாங்களே செய்துகொள்கிறோம்" என்பதுதான் அதன் சாரம். பக்கத்து வீட்டில் ஏணி இரவல் வாங்குவதுபோல, வானத்தில் இருக்கும் ஒன்றையே இரவல் வாங்கிவிட்டார்கள்!

வருத்தமான விஷயம், அதைப் பார்க்க சாராபாய் இல்லை. 1971 டிசம்பர் 30 அன்று, 52 வயதிலேயே இறந்துவிட்டார். அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடர்ந்தார்கள். அகமதாபாத் மையத்தின் தலைவராக இருந்து இதை முன்னின்று நடத்தியவர் இயற்பியல் விஞ்ஞானி யஷ்பால்.

கோழி வலை ஆண்டெனா!

இரவல் வந்த செயற்கைக்கோளின் பெயர் ஏ.டி.எஸ்.-6. 1974 மே 30-ல் விண்ணில் ஏவப்பட்டது. பூமத்திய ரேகைக்கு மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. அந்த உயரத்தில் இருந்தால் ஒரு வசதி. பூமி ஒரு சுற்றுச் சுற்றும் அதே நேரத்தில் செயற்கைக்கோளும் ஒரு சுற்று வரும். ராட்டினத்தில் உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் நண்பன் அதே இடத்தில் இருப்பதுபோலத் தெரிவான் அல்லவா? அதுபோல, செயற்கைக்கோள் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கும். ஆண்டெனாவை ஒருமுறை அதை நோக்கித் திருப்பி வைத்துவிட்டால் போதும். 1975-ல் இந்தியாவுக்காகவே அதை மெல்ல நகர்த்தி, ஆப்பிரிக்காவின் கென்யாவுக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

இந்தச் செயற்கைக்கோளுக்கு 9 மீட்டர் அகலத்தில் ஒரு பெரிய குடை ஆண்டெனா. ராக்கெட்டில் போகும்போது மடங்கி இருந்து, மேலே போனதும் விரிந்துகொண்டது. அது ஏன் அவ்வளவு பெரிது? பேசுபவர் உரக்கப் பேசினால் கேட்பவர் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டாம் இல்லையா? மேலே இருக்கும் ஆண்டெனா பெரிதாக இருந்தால் கீழே கிராமத்தில் இருக்கும் ஆண்டெனா எளிமையாக, மலிவாக இருக்கலாம்.

எவ்வளவு எளிமை தெரியுமா? கோழிக்கூண்டுக்கு அடிப்பார்களே, அந்தக் கம்பி வலை! அதைக் கிண்ணம் மாதிரி வளைத்து, 3 மீட்டர் அகலத்தில் ஆண்டெனா செய்துவிட்டார்கள்.

"வலையில்தான் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அலை அதன் வழியாக நழுவிப் போகாதா?" என்று யாராவது கேட்டிருந்தால் அவருக்கு ஒரு சபாஷ்! செயற்கைக்கோளிலிருந்து வந்த அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். அதாவது ஓர் அடி ஸ்கேலைவிடக் கொஞ்சம் பெரிது. வலையின் ஓட்டையோ விரல் நுழையும் அளவுதான். அலைக்கு அந்த வலை, ஓட்டையே இல்லாத தகடு மாதிரிதான். முட்டித் திரும்பி, கிண்ணத்தின் நடுவில் போய்க் குவிந்துவிடும். காற்று மட்டும் ஓட்டை வழியே போய்விடுவதால் புயல் காற்றிலும் ஆண்டெனா பறந்துபோகாது.

டி.வி. பெட்டிகளை ஹைதராபாத்தில் உள்ள அரசு நிறுவனமான ஈ.சி.ஐ.எல். தயாரித்தது. மின்சாரமே இல்லாத சில ஊர்களில் பேட்டரியில் ஓட வைத்தார்கள். கெட்டுப்போனால்? பழுது பார்ப்பவர்கள் ஜீப்பில் வருவார்கள். மண் ரோட்டில், மழைக்காலத்தில்!

கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் என்ற எழுத்தாளருக்கும் இந்த ஆண்டெனா ஒன்று போனது. செயற்கைக்கோளை இப்படி ஒரே இடத்தில் நிறுத்தி உலகம் முழுவதும் ஒலிபரப்பலாம் என்று 1945-லேயே கட்டுரை எழுதியவர் அவர். அந்த மரியாதைக்காக நம் பொறியாளர்கள் இலங்கைக்கே போய் அவர் வீட்டில் பொருத்திக் கொடுத்தார்கள். தான் எழுதியதைத் தன் வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

காலையில் உங்களுக்கு, மாலையில் எல்லாருக்கும்

தினமும் நான்கு மணி நேரம் ஒளிபரப்பு. காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் என நான்கு மொழிகள். ஒவ்வொரு மொழிக்கும் 22 நிமிடம் 30 விநாடி. ஒரு விநாடிகூட வீணாக்காமல் பங்கு போட்டிருக்கிறார்கள், பாருங்கள்!

இதில் இன்னொரு தந்திரமும் இருந்தது. செயற்கைக்கோளால் ஒரே படத்துடன் இரண்டு ஒலிகளை அனுப்ப முடியும். ஒரே பொம்மலாட்டத்தை ஓர் ஊரில் தெலுங்கிலும், இன்னொரு ஊரில் கன்னடத்திலும் கேட்கலாம்.

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஒரே ஒரு வகுப்பறை. ஒரே ஒரு ஆசிரியர். ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சோதனைச் சாலை கிடையாது. நூலகம் கிடையாது. அங்கே ஒரு பெட்டியில் படம் அசைகிறது. பொம்மை பேசுகிறது. பாட்டு வருகிறது. சுற்றியிருக்கும் மண், தண்ணீர், செடி, பூச்சி இவற்றை வைத்தே அறிவியல் சொல்கிறது. "இதை நீயே செய்து பார்" என்கிறது.

ஆசிரியர்களை மறந்துவிடவில்லை. லீவு நாட்களில் அவர்களுக்கும் இதே டி.வி. மூலம் அறிவியல் கற்பித்தலில் பயிற்சி கொடுத்தார்கள். ஏறக்குறைய 50 ஆயிரம் ஆசிரியர்கள்! ஆசிரியர்கள் தரையில் உட்கார்ந்து பாடம் கேட்ட காட்சியைப் பார்க்க உங்களுக்கு ஆசையாக இருக்குமே!

மாலையில் இரண்டரை மணி நேரம் பெரியவர்களுக்கு. விவசாயம், கால்நடை, குழந்தை வளர்ப்பு, நோய்த் தடுப்பு, நாட்டுப்புறக் கலைகள், செய்திகள். டி.வி. பெட்டி யார் வீட்டிலும் இல்லை. பள்ளிக்கூடம், பஞ்சாயத்துக் கட்டிடம் போன்ற பொது இடத்தில்தான் இருந்தது. வயலிலிருந்து வந்தவர், கைக்குழந்தையோடு வந்த அம்மா, பாட்டி, பொடிசுகள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். டிக்கெட் கிடையாது!

இதற்குக் காசு யார் கொடுப்பது?

நல்ல கேள்வி. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

நீங்கள் பார்க்கும் பெரும்பாலான தனியார் சேனல்களுக்கு வருமானம் விளம்பரத்தில் வருகிறது. சோப்பு கம்பெனி, பிஸ்கட் கம்பெனி பணம் கொடுக்கும். எதற்கு? நிகழ்ச்சி பார்ப்பவர்கள் சோப்பும் பிஸ்கட்டும் வாங்குவார்கள் என்பதற்காக. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பிஸ்கட் வாங்கக் காசே இல்லாத கிராமத்துக்காக எந்தக் கம்பெனி நிகழ்ச்சி தயாரிக்கும்? கடலுக்குப் போகும் மீனவர் நூறு பேருக்காக வானிலை சொல்ல எந்த விளம்பரம் வரும்?

அந்த வேலையைச் செய்ய உண்டானதுதான் பொது ஒலிபரப்பு. மக்கள் பணத்தில் நடப்பது. அதனால் மக்கள் எல்லாருக்கும் பொதுவானது. பிரிட்டனில் பி.பி.சி.க்காக டி.வி. பார்ப்பவர்கள் வருடா வருடம் லைசென்ஸ் கட்டணம் கட்டுகிறார்கள். நம் நாட்டிலும் அது இருந்தது! 1980-கள் வரை ரேடியோ வைத்திருப்பவர்கள் தபால் ஆபீசுக்குப் போய் லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய புத்தகம் ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும், தேடிப் பாருங்கள்.

அந்த ரேடியோ என்ன சாதித்தது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு ருசியான சாட்சி உண்டு. 1960-களில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 'ஆடுதுறை 27' என்ற புதிய ரகத்தைக் கொண்டுவந்தது. அதை எப்படி விதைக்க வேண்டும், எப்போது உரம் போட வேண்டும் என்று திருச்சி வானொலி விடாமல் சொன்னது. தஞ்சாவூர் விவசாயிகள் கேட்டார்கள், விதைத்தார்கள், அறுத்தார்கள். அந்த நெல்லுக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ரேடியோ நெல்'! எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் காதால் கேட்டே புது விவசாயம் கற்றுக்கொண்டார்கள்.

ரேடியோவில் கேட்டே இவ்வளவு என்றால், கண்ணாலும் பார்த்தால்? அதைத்தான் 2,400 கிராமங்களில் சோதித்துப் பார்த்தார்கள்.

இன்னொரு கேள்வியும் உங்களில் பெரியவர்களுக்கு வரும். "அரசாங்கம் நடத்தும் டி.வி. அரசாங்கத்தைப் புகழ்ந்துகொண்டே இருக்காதா?" அந்தப் பயம் வீண் பயம் இல்லை. டி.வி. கிராமத்துக்கு வந்த அதே சமயத்தில்தான் நாட்டில் நெருக்கடி நிலை அமலில் இருந்தது. 1975 ஜூனில் தொடங்கி 1977 மார்ச் வரை. பத்திரிகைகளில் அரசைக் குறை சொல்லி எழுத முடியாது. வானொலியும் டி.வி.யும் அரசின் கையிலேயே இருந்தன. கோழி வலை ஆண்டெனாவில் மாட்டுக்கு வைத்தியம் எப்படி என்ற நல்ல விஷயமும் வந்தது. அரசு சொல்ல விரும்பிய செய்தியும் வந்தது. மறுபக்கச் செய்தி வரவில்லை. இதனால்தான் பின்னர், வானொலியையும் தூர்தர்ஷனையும் தனி அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1990-ல் சட்டம் போட்டார்கள். 1997 நவம்பர் 23-ல் பிரசார் பாரதி பிறந்தது. அதற்குப் பெரும்பகுதிப் பணம் இன்றும் அரசிடமிருந்துதான் வருகிறது என்பதால், "முழுச் சுதந்திரம் வந்துவிட்டதா?" என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

பரீட்சை ரிசல்ட்!

சோதனை என்றால் ரிசல்ட் வேண்டுமே! ஆய்வாளர்கள் சில கிராமங்களில் மாதக்கணக்கில் தங்கி, யார் பார்க்கிறார்கள், என்ன புரிகிறது என்று குறித்துக்கொண்டே இருந்தார்கள்.

எல்லாமே நூற்றுக்கு நூறு இல்லை. முதலில் அலைமோதிய கூட்டம், புதுமை போனதும் குறைந்தது. டி.வி. வந்ததால் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் எண்ணிக்கை பெரிதாகக் கூடிவிடவும் இல்லை. வயலுக்குப் போக வேண்டிய பிள்ளை வயலுக்குத்தான் போனது. அதை டி.வி. பெட்டியால் மாற்ற முடியுமா என்ன?

ஆனால் நிகழ்ச்சிகளைப் பார்த்த பிள்ளைகளின் மொழித் திறன் வளர்ந்திருந்தது. பேசத் தயங்கியவர்கள் பேசினார்கள். பெரியவர்களில் அதிகம் கற்றுக்கொண்டது யார் தெரியுமா? படித்தவர்கள் இல்லை! எழுத்தறிவு இல்லாதவர்களும் பெண்களும்தான். படித்தவருக்குப் புத்தகம் இருந்தது, பத்திரிகை இருந்தது. அவர்களுக்கு அந்தப் பெட்டி ஒன்றுதானே இருந்தது! எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

1976 ஜூலை 31. ஒரு வருடம் முடிந்தது. இரவல் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டுமே! ஏ.டி.எஸ்.-6 மெல்ல நகர்ந்து அமெரிக்கா பக்கம் போய்விட்டது. கிராமத்தில் டி.வி. பெட்டி இருந்தது, கோழி வலை ஆண்டெனா இருந்தது. படம் மட்டும் இல்லை. காலையில் வழக்கம்போல வந்து உட்கார்ந்த பிள்ளைகளுக்கு என்ன சொல்லியிருப்பார்கள்?

பிறகு ஜெய்ப்பூர், ராய்ப்பூர், குல்பர்கா போன்ற இடங்களில் தரையில் டி.வி. கோபுரங்கள் வைத்து, அந்தக் கிராமங்களில் ஒரு பகுதிக்கு மட்டும் மறுபடி படம் கொண்டுவந்தார்கள். மற்ற ஊர்கள் காத்திருந்தன. நம்முடைய சொந்தச் செயற்கைக்கோள் இன்சாட்-1பி விண்ணுக்குப் போனது 1983-ல்தான். 1980-களில் அதன் உதவியால் நாடு முழுவதும் டி.வி. பரவியது. உங்கள் அப்பா ஜன்னலில் தொங்கிய காலமும் அதுதான்!

யஷ்பால் என்ன ஆனார்? பிள்ளைகளை அவர் விடவே இல்லை. 1990-களில் தூர்தர்ஷனில் 'டர்னிங் பாயிண்ட்' என்று ஓர் அறிவியல் நிகழ்ச்சி வந்தது. நாடெங்கும் இருந்து நேயர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நரைத்த தலையோடு உட்கார்ந்து பதில் சொன்னாரே, அவர்தான். 2017-ல் காலமானார்.

நம் ஊரில் 2019 ஆகஸ்டில் தமிழக அரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. மறு வருடமே கொரோனா வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, ஸ்மார்ட் போன் இல்லாத வீடுகளில் பல பிள்ளைகளுக்கு அந்தச் சேனல்தான் வகுப்பறை. டி.வி.யும் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் போய்ப் பார்த்தார்கள். உங்களில் சிலருக்கு அது நினைவிருக்கலாம். இல்லாவிட்டால் அண்ணனையோ அக்காவையோ கேளுங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் கையில் 22 நிமிடம் 30 விநாடி இருக்கிறது. பார்க்கப் போவது ஒரு மலைக் கிராமத்துப் பள்ளி. ஒன்றாம் வகுப்பு வாண்டிலிருந்து ஐந்தாம் வகுப்பு அக்கா வரை ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்வரிசையில் இரண்டு பாட்டிகளும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவரும் பாதியில் எழுந்து போகக்கூடாது. என்ன காட்டுவீர்கள்? ஒரு தாளில் எழுதி, முதலில் உங்கள் வீட்டுப் பாட்டிக்குப் படித்துக் காட்டுங்கள். கொட்டாவி விட்டால் திருத்தி எழுதுங்கள்!